இரவில் விறைக்கும் விரல்கள்: கார்ப்பல் டனல் பற்றி எளிமையாக

கை விறைக்கிறது என்று கொழும்பு வெள்ளவத்தையில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், நாலு காரணம் கிடைக்கும். ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்பார் ஒருவர். வாதம் தொடங்குகிறது, எண்ணெய் போட வேண்டும் என்பார் இன்னொருவர். "நரம்புத் தளர்ச்சிதான் அக்கா, பாமசியில நரம்பு விற்றமின் கேட்டு வாங்குங்கோ" என்று மூன்றாவது ஆலோசனை வரும். அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கேட்டால், கம்பியூட்டரில் தட்டுவதால் வரும் கார்ப்பல் டனல் என்பார்கள்.

இந்த நாலில் கடைசிச் சொல் மட்டும் பல நேரம் சரியாக இருக்கும். அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சரியில்லை. இப்படி ஆளுக்கொன்று சொல்லிக் கேட்டு, எண்ணெய்க்கும் குளிசைக்கும் வருடக்கணக்கைக் கொடுத்துவிட்டு, பெருவிரலடிச் சதை வற்றிய பிறகு வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் உண்டு. நேரத்தோடு பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடிய ஒரு வருத்தம் இது. அதனால்தான் அடியிலிருந்து விளக்கி எழுத வேண்டும் என்று தோன்றியது.

கால் விறைக்கும்போது நடப்பது

கோயிலில் நெடுநேரம் சம்மணம் கொட்டி இருந்துவிட்டு எழும்பினால் கால் விறைத்திருக்கும். ரத்தம் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் பாதத்தைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கும், நிறமும் மாறியிருக்காது. காலுக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. முழங்காலுக்குப் பக்கத்தால் போகும் ஒரு நரம்பு நசிந்து கிடந்ததுதான் விஷயம்.

நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையில் செய்தி கொண்டு போகும் நார்க் கட்டு. அதுவும் உயிருள்ள பொருள்தான், அதற்கும் ரத்தம் வேண்டும். நரம்பின் மேல் மயிரிழை போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அழுத்தம் ஏறினால் முதலில் அடைபடுவது அவைதான். நரம்புக்கு ரத்தம் குறைந்தவுடன் செய்தி தடுமாறுகிறது, தொட்டால் தெரியாது. எழும்பி நின்றதும் அழுத்தம் போகிறது, நரம்பு விழிக்கிறது, ஊசி குத்துவது போலச் சுள்ளென்று இருக்கும், பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

கையில் நடப்பதும் அடிப்படையில் இதேதான். ஒரு வேறுபாடு: காலில் அழுத்தம் வெளியிலிருந்து வந்தது, எழும்பினால் போய்விட்டது. மணிக்கட்டில் அழுத்தம் உள்ளேயே உண்டாகிறது. எழும்பிப் போனாலும் கூடவே வரும்.

மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒடுங்கிய வழி

உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டும் உள்ளங்கையும் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தோலுக்குக் கீழே எட்டுச் சிறிய எலும்புகள் ஒரு பள்ளம் போல அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தின் மேல், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, தடித்த பட்டை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. எலும்பையும் எலும்பையும் இணைக்கும் இந்த வகைப் பட்டையை இணைப்பு நார் என்போம். எலும்புப் பள்ளத்துக்கும் இந்த நாருக்கும் இடையில் உள்ள வழிதான் கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கம்.

இந்தச் சுரங்கத்தால் போகிறவை பத்து. அவற்றில் ஒன்பது, தசைநாண்கள். முன்னங்கைத் தசைகள் இழுக்கும் இழுவையை விரலுக்குக் கொண்டு சேர்க்கும் கயிறுகள் அவை: பெருவிரலுக்கு ஒன்று, மற்ற நாலு விரல்களுக்கும் இரண்டிரண்டு. பத்தாவதாகப் போவது மீடியன் நரம்பு. பத்துக்குள்ளும் மென்மையானது அதுதான், நாருக்கு நேர் கீழே இருப்பதும் அதுதான்.

தரை எலும்பு, கூரை தடித்த நார். இரண்டும் விரிந்து கொடுக்கமாட்டா. ஆகவே உள்ளே எது கொஞ்சம் வீங்கினாலும் அந்த அழுத்தம் நரம்பின் மேல்தான் விழும். தசைநாண்களைச் சுற்றியுள்ள மெல்லிய உறை தடிக்கலாம், உடம்பில் நீர் கட்டலாம், பழைய முறிவால் எலும்பு சற்று விலகி நிற்கலாம். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்.

இந்தச் சுரங்கத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். சாதாரணமாக அது 10 மில்லிமீற்றர் பாதரசத்துக்குள் இருக்கும். இந்த வருத்தம் உள்ளவர்களிடம் கை சும்மா இருக்கும்போதே 30 அளவுக்குப் போகிறது. மணிக்கட்டை மடக்கினாலோ பின்னால் வளைத்தாலோ இன்னும் பல மடங்கு ஏறும். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் அழுத்தம் குறைவு. சிகிச்சைக்கு வரும்போது இந்தச் செய்தி உதவும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விரிய முடியாத ஒரு வழி, அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும். அழுத்தம் ஏறும்போது நரம்பு நசிகிறது. கைக்கு வரும் ரத்தம் குறைவதில்லை.

எந்த விரல், எந்த நேரம்

மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றுக்கும், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதிக்கும். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அது இந்தச் சுரங்கத்தால் போவதில்லை. அதனால் கார்ப்பல் டனலில் சுண்டுவிரல் தப்பிக்கொள்ளும். "கை முழுக்க விறைக்குது" என்று சொல்லும் பலரை, அடுத்த முறை விறைக்கும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், சுண்டுவிரல் நன்றாக இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். ஒரே மோதிர விரலில் ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் சரியாக இருந்தால், அது மிக நல்ல தடயம்.

இன்னொன்று, உள்ளங்கை. பெருவிரலடியில் உள்ளங்கைத் தோலுக்குப் போகும் சிறிய கிளை, சுரங்கத்துக்குள் நுழைய முன்பே பிரிந்து மேலால் போய்விடுகிறது. ஆகவே விரல்கள் விறைத்திருக்கும்போதும் உள்ளங்கையில் உணர்வு இருக்கும்.

அப்புறம் நேரம். இரவு இரண்டு மூன்று மணிக்கு விரல்கள் விறைத்து, எரிந்து, தூக்கம் கலையும். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு உதறினால்தான் குறையும். வெப்பமானி உதறுவது போல இப்படி உதறுகிற பழக்கத்தைக் கேட்டாலே டொக்டர்மாருக்குப் பாதி விளங்கிவிடும். தூங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்குக் கீழ் வைத்துக்கொள்கிறோம். படுத்திருக்கும்போது பகலில் காலில் தங்கியிருந்த நீரும் உடம்பெங்கும் பரவுகிறது. இரண்டும் சேர்ந்து சுரங்கத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டுகின்றன.

பகலில் என்றால் மணிக்கட்டு ஒரே நிலையில் மடங்கியிருக்கும் வேலைகளில் தெரியும்: போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கதைப்பது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மோட்டார் சைக்கிள் ஓடுவது. சிலருக்கு வலி முன்னங்கை வரை, தோள் வரைகூட ஏறும். வலி எங்கே போனாலும் விறைப்பு மட்டும் அந்த மூன்றரை விரலில்தான் நிற்கும்.

வலி நின்றுவிட்டால் நல்லதா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் ஒருவர் வாசிப்பார் என்றால், இதை வாசிக்கட்டும்.

நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. செய்தி வேகமாக ஓடுவது அதனால்தான். ஆரம்பத்தில் அழுத்தம் வந்து வந்து போகும்போது ரத்தம் மட்டும் தடைபடுகிறது. விறைப்பும் வந்து வந்து போகும். அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் மயலின் உறை கழன்று, செய்தியின் வேகம் குறைகிறது. அதையும் உடம்பு திருத்திக்கொள்ளும், அழுத்தத்தை எடுத்துவிட்டால் போதும். அதற்கும் பிறகுதான் உள்ளே இருக்கும் இழையே சாகத் தொடங்குகிறது. செத்த இழை மீண்டும் வளர்வது, எல்லாம் நன்றாக நடந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்.

இழைகள் சாகும்போது அந்த இரவு எரிவும் குறைந்துபோகலாம். வலியைச் சொல்லும் நரம்பே ஓய்ந்துவிட்டதால் வரும் அமைதி அது. "இப்ப முந்தி மாதிரி நோகிறதில்லை, விரல் நுனி மட்டும் எப்பவும் மரத்த மாதிரி" என்று ஒரு அன்ரி சொன்னால், அவர் குணமாகிக்கொண்டு வருகிறார் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அவர் அவசரமாக வைத்தியரைப் பார்க்க வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிறார்.

அந்தக் கட்டத்துக்கு வேறு அடையாளங்களும் உண்டு. சட்டைப் பொத்தான் பூட்டுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, மீனில் முள் எடுப்பது சிரமமாகும். தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவும். மீடியன் நரம்பு உணர்வுக்கு மட்டுமல்ல, பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசைகளுக்கும் போகிறது. பெருவிரலடியில் உள்ள மேடு அந்தத் தசைகள்தான். இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மேடு தட்டையாகிப் போயிருந்தால் இனித் தள்ளிப்போடக் கூடாது. வற்றிய தசை முழுதாகத் திரும்பி வரும் என்று எவராலும் உறுதி தர முடியாது.

கம்பியூட்டரா காரணம்?

1854இல் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பேஜெட், மணிக்கட்டுப் பக்க எலும்பு முறிந்த பிறகு இந்த நரம்பு நசிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தட்டச்சு இயந்திரம் கடைக்கு வருவதற்கு முந்திய காலம் அது. 1950களில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபேலன் என்ற மருத்துவர் தொடர்ந்து எழுதியதால்தான் இந்த வருத்தம் உலகெங்கும் அறியப்பட்டது. அவர் கண்ட நோயாளிகளில் நடுத்தர வயதுப் பெண்களே அதிகம். இன்றைக்கும் அப்படித்தான்: பெரியவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இது இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

விசைப்பலகையில் தட்டுவதுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே வருத்தம் உள்ளவருக்கு மணிக்கட்டை வளைத்து வைத்துத் தட்டினால் விறைப்புக் கூடும், அது வேறு கதை. இறுக்கிப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும், அதிரும் கருவிகளைப் பிடிக்கும் வேலைக்கும்தான் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. கொழும்பில் எழும்பும் மாடிக் கட்டடங்களில் கொங்கிரீட் உடைக்கிற தம்பிமார், ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற பிள்ளைகள், செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் குறடு பிடிக்கிறவர்கள் எல்லாம் இந்த வகைதான். கம்பியூட்டர்க்காரரின் வருத்தம் என்று பெயர் எடுத்துவிட்டதால், தங்களுக்கும் இது வரலாம் என்று இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களும் அப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள். இடியப்பம் பிழிவதும் தேங்காய் துருவுவதும் ஈர உடுப்பு முறுக்கிப் பிழிவதும் மணிக்கட்டுக்குச் சின்ன வேலையா என்ன?

வேலையைத் தவிர உடம்பின் நிலைமையும் பெரிய காரணம். சீனி வருத்தம், தைரொயிட் சுரப்புக் குறைவு, மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம், உடல் பருமன் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். சிலருக்குப் பிறப்பிலேயே சுரங்கம் சற்று ஒடுக்கம், தாய்க்கும் மகளுக்கும் வருவதைப் பார்க்கலாம். கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கட்டுவதால் வரும் விறைப்பு, பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

வேறு எதுவாகவும் இருக்கலாமா?

இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மட்டும் விறைத்தால் முழங்கையில் வேறொரு நரம்பு நசிகிறதோ என்று பார்ப்பார்கள். கழுத்தைத் திருப்பும்போது கைக்கு மின்னல் போல வலி இறங்கினால் கழுத்து எலும்புப் பக்கம் தேடுவார்கள். சீனி வருத்தத்தால் நரம்புகள் பொதுவாகப் பழுதாகும்போது அது வழமையாகப் பாதங்களில்தான் தொடங்கும். விட்டமின் பி12 குறைவிலும் கால் கை விறைக்கும். பெருவிரல் பக்க மணிக்கட்டில் வலி மட்டும், விறைப்பே இல்லை என்றால், அது தசைநாண் சம்பந்தப்பட்ட வேறு பிரச்சினை.

திடீரென்று ஒரு பக்கக் கை பலம் இழந்து, கூடவே வாய் கோணினால் அல்லது பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அப்போது எந்தக் கட்டுரையையும் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விழுந்து மணிக்கட்டு முறிந்து, அடுத்த சில மணி நேரத்தில் விரல்கள் கடுமையாக விறைத்துக்கொண்டே போனால் அதுவும் அவசரம்தான்.

வைத்தியரிடம் போனால்

கேள்விகள்தான் முக்கியமான சோதனை: எந்த விரல், எந்த நேரம், உதறினால் குறைகிறதா. பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டு மடங்கிய நிலையில் 60 விநாடி பிடிக்கச் சொல்வார். ஃபேலனின் பெயரால் அழைக்கப்படும் சோதனை இது. விறைப்பு அந்த விரல்களில் வந்தால் சந்தேகம் வலுக்கும். வராவிட்டால் வருத்தம் இல்லை என்றாகிவிடாது.

எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. தேவையானால் நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்புவார்கள். விரலிலும் மணிக்கட்டிலும் சிறு மின் துடிப்புக் கொடுத்து, செய்தி சுரங்கத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதுதான் அது. லேசாகச் சுள்ளென்று இருக்கும், ஆபத்தில்லை. சீனிக்கும் தைரொயிட்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் செய்துவிடுங்கள். கை விறைப்பு என்று வந்து, தெரியாமல் இருந்த தைரொயிட் பிரச்சினையைக் கண்டுபிடித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, திகதிக்குக் காத்திருக்க வேண்டிவரும். வெளியில் சனல் பண்ணி, அதாவது தனியாரிடம் பணம் கட்டிப் பதிந்து, பார்ப்பது என்றால், வாதநோய், எலும்பு, நரம்பியல் நிபுணர்கள் யாரும் இதைப் பார்ப்பார்கள்.

சிகிச்சை

தொடக்கத்தில், விறைப்பு வந்து போகும் கட்டத்தில், முதல் சிகிச்சை மணிக்கட்டுப் பட்டி. உள்ளே தகடு வைத்த, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட் அது. மருந்துக் கடையில் வாங்கும் வெறும் எலாஸ்டிக் பட்டி இந்த வேலையைச் செய்யாது, இறுக்கிப் போட்டால் கெடுதலும் செய்யும். சில ஸ்பிளின்ட்களில் தகடு மணிக்கட்டைப் பின்னால் வளைத்து வைக்கும். வளைவில் அழுத்தம் ஏறும் என்று மேலே பார்த்தோம், ஆகவே தகடு நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முக்கியமாக இரவில் போட வேண்டும், விடாமல் ஆறு வாரமாவது. மூன்று நாள் போட்டுவிட்டுச் சரிவரவில்லை என்று கழற்றி வைப்பதுதான் எங்களில் பலர் செய்வது.

அடுத்தது ஊசி. சுரங்கத்துக்குள் ஸ்டீரொயிட் மருந்து போட்டால் வீக்கம் வற்றி, பலருக்குச் சில நாளில் அல்லது வாரங்களில் நல்ல ஆறுதல் கிடைக்கும். ஸ்டீரொயிட் என்றதும் பயப்படுகிறார்கள். ஒரே இடத்தில் ஒரு தடவை போடும் சிறிய அளவு, மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீரொயிட் குளிசைக்குச் சமனில்லை. சீனி வருத்தக்காரருக்கு சில நாள் சீனி ஏறலாம், அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசியின் பலன் பலருக்குச் சில மாதங்களில் தேய்ந்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நரம்பு விற்றமினைப் பற்றி நேராகவே சொல்கிறேன். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு விட்டமின் பி6 இந்த வருத்தத்தைக் குணமாக்குவதில்லை. நசிந்த இடத்தை விற்றமினால் விரிக்க முடியாது. கூடிய அளவில் நெடுங்காலம் விழுங்கினால் பி6 தானே நரம்பைப் பழுதாக்கிக் கை கால் விறைப்பை உண்டாக்கும். விறைப்புக்கென்று வருடக்கணக்கில் எடுக்கும் குளிசையே விறைப்பைத் தரலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வலிக் குளிசைகளும் இதில் பெரிதாக உதவுவதில்லை. எண்ணெய் பூசுவது இதமாக இருக்கும், பூசுவதில் பிழையில்லை. ஆனால் எண்ணெய் அந்த நாருக்குக் கீழே போய் அழுத்தத்தைக் குறைக்காது. விறைப்பு நிரந்தரமாகிவிட்ட பிறகு அதை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.

ஸ்பிளின்டும் ஊசியும் போதவில்லை என்றால், அல்லது விறைப்பு நிரந்தரமாகி தசை மெலியத் தொடங்கினால், சத்திரசிகிச்சை. "நரம்பில் கத்தி வைக்கிறதாம்" என்று பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். நரம்பை வெட்டுவதில்லை. வெட்டுவது மேலே இறுக்கிக்கொண்டிருக்கும் அந்த இணைப்பு நாரைத்தான். நாரை வெட்டியதும் கூரை திறந்து, சுரங்கம் அகன்று, நரம்பு மூச்சு விடுகிறது. வெட்டிய நார் பிறகு சற்று நீண்ட நிலையில் தழும்பாகப் பொருந்திக்கொள்ளும். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கப்பண்ணிச் செய்வார்கள், அரை மணி நேரத்துக்குள் முடியும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எல்லாச் சத்திரசிகிச்சையையும் போலக் கிருமித் தொற்று, தழும்பு நோவு போன்றவை சிலருக்கு வரும். நரம்புக் காயம் மிக அரிது.

இரவு எரிவு பலருக்கு முதல் சில நாட்களிலேயே நின்றுவிடும், வருடக்கணக்கில் தூங்காதவர்கள் தூங்குவார்கள். விரல் நுனியின் மரப்பு மெதுவாகத்தான் போகும், பழைய விறைப்பு என்றால் மாதங்கள் எடுக்கும். வற்றிய தசைக்கு உறுதி இல்லை என்று ஏற்கெனவே சொன்னேன்.

தையல் 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும். கோப்பை பிடிப்பது, சாப்பிடுவது போன்ற சின்ன வேலைகளை விரைவில் தொடங்கலாம். உள்ளங்கையின் அடியில் ஊன்றும்போது சில வாரம் நோகும், அது வழமையானது. பிடியின் பலம் பழையபடி வர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை இடியப்ப உரலையும் துருவலையையும் நனைந்த உடுப்பு வாளியையும் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். யார் எடுப்பது என்பதைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி வாங்கும்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.